வீட்டிலேயே மண்பானைக்கு வண்ணம் தீட்டுவது: வரையத் தெரியாதவர்களுக்கு எது சுலபம்?

பெருந்துறை அம்மணி

எல்லாருக்கும் வணக்கமுங்க. பள்ளிக்கூடம் லீவு விட்டாச்சு. என் மகனும் அண்ணன் மகளும் செல்போனைக் கீழே வைப்பதாக இல்லை. அதனால் சந்தைக்குப் போன கையோடு கொஞ்சம் மண் சாமான் வாங்கி வந்துவிட்டேன். வாய் அகன்ற சட்டி, செடி வைக்கிற தொட்டி, குழாய் வைத்த தண்ணீர்ப்பானை, அப்புறம் ஒரு கூடை அகல். எல்லாவற்றுக்கும் பிள்ளைகளோடு சேர்ந்து பெயிண்ட் அடிக்கலாம் என்று திட்டம்.

எனக்குக் கோலம் நன்றாக வரும். மற்றபடி ஓவியம் சுத்தமாக வராது. மாடு வரைந்தால் நாயா என்று கேட்பார்கள். என்ன பெயிண்ட் வாங்குவது, எதிலிருந்து தொடங்குவது, சுலபமாக என்ன டிசைன் போடலாம்? செலவு ரொம்பப் போகக்கூடாது.

ஓவிய டீச்சர், கோவை

அம்மணி, பெயிண்டை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்தச் சாமான்களைப் பிரித்து வையுங்கள். சும்மா அழகுக்கு வைப்பது ஒரு பக்கம், செடிக்கு ஒரு பக்கம், தண்ணீருக்கு ஒரு பக்கம், நெருப்புப் படுவது ஒரு பக்கம். நாலுக்கும் ஒரே பெயிண்ட் ஒத்து வராது. வீடியோக்களில் இதை யாரும் சொல்வதில்லை, எடுத்த எடுப்பில் பிரஷ்ஷைத் தொட்டுவிடுகிறார்கள்.

பிள்ளைகள் கைபழக அழகுக்கு வைக்கிற சட்டிதான் சரி. அதற்கு அக்ரிலிக் பெயிண்ட் வாங்குங்கள். ஃபெவிக்ரில், கேமல் எதுவானாலும் பரவாயில்லை. வெள்ளை மட்டும் பெரிய பாட்டிலாக, மற்ற நிறங்கள் சின்னதாகப் போதும். வீட்டில் கிடக்கிற பள்ளிக்கூட வாட்டர்கலர் வேண்டாம். ஈரக்கை பட்டாலே கரைந்துவிடும்.

செய்முறை இதுதான். சட்டியைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, நல்ல வெயிலில் ஒன்றிரண்டு நாள் காய விடுங்கள். தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், ஆனால் மண்ணுக்குள் ஈரம் இருக்கும். அந்த ஈரத்தின்மேல் அடித்தால் பின்னால் கொப்புளம் வரும். காய்ந்த பிறகு 120 நம்பர் உப்புத்தாளால் மேடு பள்ளத்தைத் தேய்த்து, 220 நம்பரால் வழவழப்பாக்கி, ஈரத்துணியால் தூசியை ஒற்றி எடுங்கள். முழுச் சட்டிக்கும் நிறம் கொடுப்பதானால் வெள்ளை பிரைமர் ஒரு கை அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் மண் பெயிண்டைக் குடித்துக்கொண்டே இருக்கும், பாட்டில்தான் காலியாகும். பிறகு நிறம் மெல்லிசாக இரண்டு கை. ஒரே கையாகத் தடிமனாக அப்பினால் வழிந்து கோடு விழும். முதல் கை அரைமணியில் காய்ந்துவிடும். வார்னிஷ் மட்டும் மறுநாள்தான்.

என்னைக் கேட்டால் முழுச் சட்டிக்கும் பெயிண்ட் அடிக்கவே தேவையில்லை. மண்ணின் சிவப்பே நல்ல பின்னணி. அதன்மேல் வெள்ளையில் புள்ளியும் கோடும் வைத்தால் போதும், பாதி வேலை மிச்சம்.

பொள்ளாச்சி மாப்ள

அம்மணிக்கா, நாய் மாதிரி வந்தாலும் கவலை வேண்டாம். திமிலையும் கொம்பையும் கொஞ்சம் பெரிதாகப் போட்டுவிட்டு காங்கேயம் காளை என்று சொல்லிவிடுங்கள். யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள்.

சக்கரத்து வீட்டுப் பையன்

தாராபுரம் பக்கம். எங்கள் வீட்டில் அப்பா காலம் வரை சக்கரம் சுற்றினோம், இப்போது சித்தப்பா மட்டும்தான்.

அக்கா, அந்தத் தண்ணீர்ப்பானையைத் தொடாதீர்கள். உள்ளே மட்டுமல்ல, வெளியேயும் பெயிண்ட் வேண்டாம்.

இன்னொன்று. வேலையைத் தொடங்கும் முன் ஒவ்வொரு சட்டியையும் விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். கணீர் என்று கேட்டால் நன்றாக வெந்தது, விரிசலும் இல்லை. பொத்தென்று கேட்டால் எங்கோ கீறல் இருக்கிறது. அதில் மினக்கெட்டு வரைந்து பயனில்லை.

பெருந்துறை அம்மணி

டீச்சர், ரொம்ப நன்றிங்க. தம்பி, தண்ணீர்ப்பானைக்கு ஏன் கூடாது? கடையில் பூவெல்லாம் போட்டு விற்கிறார்களே? வெளியே மட்டும் அடித்தால் தண்ணீரில் எதுவும் கலக்காதல்லவா?

சக்கரத்து வீட்டுப் பையன்

கலப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். பானைத் தண்ணீர் ஏன் சில்லென்று இருக்கிறது? மண்ணில் கண்ணுக்குத் தெரியாத துளை இருக்கிறது. அதன் வழியாகத் தண்ணீர் கசிந்து வெளிப்பக்கம் வந்து ஆவியாகிறது. ஆவியாகும்போது பானையின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. நம் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிப்பதால் இன்னும் வேகமாக ஆவியாகும், பானை நன்றாகக் குளிரும். பெயிண்ட் அடித்தால் அந்தத் துளையெல்லாம் அடைபடும். அப்புறம் அது பிளாஸ்டிக் குடமும் ஒன்றுதான்.

பானைக்கு ஏதாவது போட்டே ஆக வேண்டும் என்றால் சுண்ணாம்பில் போடுங்கள். எங்கள் பாட்டி சால், மொடா என்று பெரிய பானை எல்லாவற்றுக்கும் கழுத்தில் சுண்ணாம்பிலும் காவியிலும்தான் கோடு இழுக்கும். சுண்ணாம்பு மண்ணோடு சேர்ந்து இறுகும், ஆனால் மூச்சை அடைக்காது. கழுத்தில் ஒரு பட்டை, அதன் கீழே ஒரு புள்ளி வரிசை. வயிற்றுப் பக்கத்தைச் சும்மா விட்டுவிட வேண்டும்.

மாடித்தோட்டம், திருப்பூர்

செடித் தொட்டிக்கும் இதே கதைதான். போன வருடம் ஒரு கண்காட்சியில் மயில் வரைந்த தொட்டி வாங்கினேன். பார்க்கக் கொள்ளை அழகு. கற்றாழை வைத்துத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்ததும் மயிலின் தோகையில் வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. கொஞ்ச நாளில் பெயிண்ட் தோல் தோலாக உரிந்து வந்துவிட்டது. விற்றவரிடம் கேட்டால் "செடி வைக்கிற தொட்டி இல்லைங்க, ஷோவுக்கு வைக்கிறது" என்கிறார். அடியில் ஓட்டை எதற்குப் போட்டார் என்று தெரியவில்லை.

உரிவதற்குக் காரணம் உப்பு. எங்கள் பக்கத்து போர்த் தண்ணீரில் உப்பு அதிகம். உள்ளே ஊற்றும் தண்ணீர் மண் சுவரில் ஊறி வெளியே வரப் பார்க்கும். பெயிண்ட் மறித்துக்கொண்டிருக்கும். தண்ணீர் எப்படியோ ஆவியாகிவிடும், உப்பு பெயிண்டுக்குப் பின்னால் படிகமாகத் தங்கி, அதைப் பெயர்த்துத் தள்ளிவிடும். எந்தக் கம்பெனி பெயிண்டாக இருந்தாலும் இதுதான் நடக்கும்.

நான் இப்போது செய்வது: நர்சரியில் கொடுக்கிற கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியோடு செடியை அப்படியே மண் தொட்டிக்குள் இறக்கிவிடுவேன். மண் சுவரில் தண்ணீர் படாது, பெயிண்டும் உரியாது. அடியில் மட்டும் நாலு கூழாங்கல் போட்டுத் தூக்கி வைத்தால் வடிகிற தண்ணீர் நிற்காது.

சேலத்துச் சாயம்

பெயிண்ட் கடையில் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் உரிமையோடு பேசுகிறேன்.

மாடித்தோட்டம் சொல்வது உண்மை. ஆனால் செடியை நேரடியாக வைத்தே ஆக வேண்டும் என்கிறவர்களுக்கு வழி இருக்கிறது. தொட்டியின் உட்புறத்துக்குத்தான் முதல் பூச்சு. மொட்டை மாடிக்கு அடிக்கிற வாட்டர்புரூஃப் பூச்சு கொஞ்சம் வாங்கி உள்ளே இரண்டு கை அடித்து, நன்றாகக் காய வையுங்கள். அப்புறம் வெளியே என்ன வேண்டுமானாலும் வரையலாம். அடி ஓட்டையின் உள்விளிம்பிலும் பூசுங்கள், அங்கேதான் தண்ணீர் பூந்து வரும். ஆனால் கற்றாழை, சப்பாத்திக்கள்ளி வகையறாவுக்கு இது வேண்டாம். அவற்றுக்கு மண் தொட்டி மூச்சு விட வேண்டும்.

அப்புறம், டீச்சரம்மா மன்னிக்க வேண்டும், சின்னச் சின்ன அக்ரிலிக் பாட்டில் பிள்ளைகள் கையில் தாங்குமா? அம்மணி செலவு போகக்கூடாது என்கிறார். வெளிச்சுவருக்கு அடிக்கிற வெள்ளை எக்ஸ்டீரியர் எமல்ஷன் ஒரு லிட்டர், கூடவே அதில் நிறம் கலக்கிற ஸ்டெய்னர் பாட்டில் சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு. நாலு வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்து அடித்தாலும் தீராது. வெள்ளையைத் தேங்காய்த் தொட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, ஸ்டெய்னரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குங்கள். நிறம் கெட்டியாக வரட்டும் என்று ஸ்டெய்னரை ஊற்றித் தள்ளினால் காயவே காயாது, கையில் பிசுபிசுவென்று ஒட்டும்.

ஓவிய டீச்சர், கோவை

சாயம் தம்பி, மன்னிப்பெல்லாம் எதற்கு? முழுச் சட்டிக்கு அடித்தளமாக அடிக்க எமல்ஷன் நல்ல யோசனை. வெள்ளை பிரைமருக்குப் பதிலாகவே அதை அடிக்கலாம். ஆனால் வெள்ளையில் ஸ்டெய்னர் கலந்தால் வெளிர் நிறம்தான் வரும். குங்குமச் சிவப்போ, கரும்பச்சையோ வராது. கோடும் புள்ளியும் எடுப்பாகத் தெரிய அக்ரிலிக்தான் வேண்டும். அடிக்கு எமல்ஷன், மேலே அக்ரிலிக். இரண்டும் தண்ணீரில் கரைகிற வகை, ஒன்றோடு ஒன்று சண்டை போடாது.

எனாமல் என்கிற எண்ணெய் பெயிண்டை மட்டும் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். டர்பன்டைன் வாசனை, கழுவ மண்ணெண்ணெய், எல்லாம் தொல்லை.

ஃபெவிகாலில் தண்ணீர் கலந்து பிரைமராக அடிக்கலாம் என்று நிறைய பேர் சொல்வார்கள். அலமாரிக்குள் இருக்கும் சட்டிக்குச் சரி. தண்ணீர் படுகிற தொட்டிக்கு வேண்டாம், நனைந்தால் இளகிவிடும்.

பெருந்துறை அம்மணி

இவ்வளவு விஷயம் இருக்கா! சரி, தண்ணீர்ப்பானையை அப்படியே வைத்துவிட்டேன். சுண்ணாம்புக் கோடு மட்டும் போடலாம் என்று ஆசை. அது எப்படித் தம்பி? வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்பா, வெள்ளை அடிக்கிறதா?

சக்கரத்து வீட்டுப் பையன்

இரண்டும் ஒரே சுண்ணாம்புதான் அக்கா. மதுக்கரை, சங்ககிரி எல்லாம் வைத்துக்கொண்டு நமக்குச் சுண்ணாம்புக்கா பஞ்சம். ஆனால் கல் சுண்ணாம்பு வாங்கி வீட்டில் நீற்ற வேண்டாம். தண்ணீர் பட்டதும் கொதித்துத் தெறிக்கும், பிள்ளைகள் இருக்கிற இடம். நீற்றிய பொடியாகவே கடையில் கேளுங்கள். கோடு மட்டும் என்றால் வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பா ஒன்றே போதும். அதுவும் கண்ணில் பட்டால் ஆபத்துதான், அதனால் சுண்ணாம்பு வேலையை நீங்களே செய்யுங்கள்.

முக்கியமான சங்கதி, பெயிண்டுக்கு நேர்மாறு இது. பெயிண்டுக்குச் சட்டி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். சுண்ணாம்புக்கு ஈரமாக இருக்க வேண்டும். பானையைத் தண்ணீரில் முக்கி எடுத்து, மேலே நிற்கிற தண்ணீர் உள்ளே இழுத்ததும் போட வேண்டும். காய்ந்த பானையில் போட்டால் அது தண்ணீரை ஒரே இழுப்பாக இழுத்துவிடும், சுண்ணாம்பு பொடியாக உதிரும். நிழலில் மெல்லக் காய வேண்டும். காற்றில் இருக்கிற கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு அது திரும்பச் சுண்ணாம்புக்கல்லாகவே ஆகிவிடும் என்பார்கள், அதற்கு நேரம் வேண்டும். போடும்போது மங்கலாக, தண்ணீர் மாதிரிதான் தெரியும். போதவில்லை என்று மேலே மேலே அப்பாதீர்கள். காயக் காயப் பளிச்சென்று வெளுக்கும்.

சோற்றுக் கஞ்சி ஒரு கரண்டி விட்டுக் கலக்கினால் கையில் ஒட்டாது. நிறம் வேண்டுமென்றால் சிவப்புக்குக் காவி, மஞ்சளுக்கு மஞ்சள் காவி, நீலத்துக்குத் துணிக்குப் போடுகிற நீலம். சமையல் மஞ்சள்தூளைக் கலந்துவிடாதீர்கள். ஆரத்திதான் கிடைக்கும்.

பொள்ளாச்சி மாப்ள

"ஆரத்திதான் கிடைக்கும்" 😂 தம்பிக்கு ஒரு டீ சொல்லுங்க யாராவது.

நொய்யல்கரை

இந்த இழையில் நான் எப்படி இவ்வளவு நேரம் வாய் திறக்காமல் இருந்தேன் என்றே தெரியவில்லை.

சிவப்பு மண்ணில் வெள்ளைக் கோடு என்று டீச்சர் சொன்னாரே, நம் ஊருக்கு அது புதிதல்ல. சென்னிமலைக்குப் பக்கத்தில், நொய்யலின் வடகரையில் இருக்கிற கொடுமணலில் அகழாய்வு செய்தபோது, தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்துப் பொறித்த ஓடுகளோடு செங்காவிப் பூச்சும் வெள்ளைக் கோலமும் கொண்ட பானை ஓடுகளும் கிடைத்தன. இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் பழையவை. என்ன வரைந்திருக்கிறார்கள்? அலை அலையாகக் கோடு, குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம், வளைவு, புள்ளி. அவ்வளவுதான். அம்மணி, உங்களுக்கு வருகிற கோல வளைவு அதற்குத் தாராளமாகப் போதும். மாடே வேண்டாம்.

அங்கேயே கறுப்பு-சிவப்புப் பானைகளும் உண்டு. உள்பக்கமும் வாய்ப்பக்கமும் கறுப்பு, கீழ்ப்பாதி சிவப்பு. அது பெயிண்ட் இல்லை. சூளையில் கவிழ்த்து வைத்துச் சுடும்போது காற்றுப் புகாத பக்கம் கறுத்துவிடுகிறது, காற்றுப் பட்ட பக்கம் மண்ணில் இருக்கிற இரும்பால் சிவக்கிறது என்பதுதான் பொதுவாகச் சொல்லும் விளக்கம்.

மாடோ யானையோ வரைய ஆசை என்றால் வாளையார்ப் பக்கம் குமிட்டிபதி மலைக் குகையைப் பாருங்கள். வெள்ளை நிறத்தில் யானை இருக்கிறது. உடம்பு ஒரு மொத்தை, தும்பிக்கை ஒரு வளைவு, கால் நாலு கோடு. யானை என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லும். மராட்டியத்து வார்லி ஓவியமும் இந்த மாதிரிதான். இரண்டு முக்கோணத்தை முனைக்கு முனை சேர்த்தால் உடம்பு, மேலே ஒரு வட்டம் தலை, கை கால் குச்சி. மண் சுவரில் அரிசி மாவுக் கரைசலால் போடுவது. ஜீவ்யா சோமா மாஷே அதையே உலகம் முழுக்கக் கொண்டுபோனார், 2011-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். மண் நிறத்தில் வெள்ளை என்பதால் நம் சட்டிக்கு அப்படியே பொருந்தும்.

மாடித்தோட்டம், திருப்பூர்

ஐயா நொய்யல்கரை, அம்மணி கேட்டது சட்டிக்கு பெயிண்ட். நீங்கள் அகழாய்வுக் குழிக்குள் இறக்கிவிட்டீர்கள். ஆனாலும் அந்த அலைக் கோடு யோசனை நல்லா இருக்கு.

ஓவிய டீச்சர், கோவை

நல்லாத்தான் இருக்கு, நான் வகுப்பில் போடவைக்கப் போகிறேன்.

சரி, உருண்டைப் பானையில் கோடு போடுவதில்தான் முதல்முறை செய்பவர்கள் தடுமாறுவார்கள். தாளில் நேராக வருகிற கை, பானையில் ஏறி இறங்கும். சுற்றி வந்து ஆரம்பித்த இடத்தில் சேரவே சேராது. இதற்குக் கையைச் சுற்றக்கூடாது, பானையைச் சுற்ற வேண்டும். ஒரு வட்டலை, அதாவது சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் சட்டியைச் சரியாக நடுவில் வையுங்கள். வழவழப்பான தரையில் வட்டல் நன்றாகச் சுற்றும். முழங்கையைத் தரையில் ஊன்றி, பிரஷ் முனையை ஒரே உயரத்தில் அசையாமல் பிடியுங்கள். பிள்ளை ஒருத்தி வட்டலை மெல்லச் சுற்றட்டும். கோடு தானாகப் போய் ஆரம்பித்த இடத்தில் சேரும். முதலில் வெறும் பிரஷ்ஷோடு ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள். வட்டல் இல்லாவிட்டால் பானையில் அகல ரப்பர் பேண்ட் மாட்டி, அதன் விளிம்போடு பென்சிலால் கோடு இழுங்கள்.

அடுத்தது சமமாகப் பிரிப்பது. கோலத்தில் புள்ளியை எண்ணி வைக்கிறோம், பானையில் எப்படி எண்ணுவது? செய்தித்தாளில் ஒரு நீளத் துண்டு கிழித்து, பானையின் வயிற்றைச் சுற்றி, முனை சேருகிற இடத்தில் வெட்டுங்கள். அதை எடுத்து மூன்று முறை மடித்தால் எட்டு மடிப்பு. பிரித்துத் திரும்பச் சுற்றி, ஒவ்வொரு மடிப்பிலும் பென்சில் புள்ளி. அந்த எட்டுப் புள்ளியிலிருந்தும் கழுத்து வரைக்கும் அடி வரைக்கும் மெல்லிசாகக் கோடு இழுத்துவிட்டால் பூசணிக்காய்க் கீற்று மாதிரி எட்டுப் பங்கு கிடைத்துவிடும். கழுத்துப் பக்கம் போகப் போகப் பங்கு தானே குறுகும். புள்ளியும் அதற்கேற்ப நெருங்கி வரும். பார்க்கிறவர்கள் பெரிய கணக்குப் போட்டுச் செய்தது என்று நினைப்பார்கள்.

புள்ளிக்குப் பிரஷ் வேண்டாம். பெரிய புள்ளிக்குப் பென்சில் பின்னால் இருக்கிற அழிப்பான், நடுத்தரத்துக்குக் காது குடையும் பஞ்சுக்குச்சி, சின்னதுக்குத் தீக்குச்சி. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒருமுறை பெயிண்டில் தொட்டால் எல்லாம் ஒரே அளவாக வரும். ஒருமுறை தொட்டு வரிசையாக வைத்துக்கொண்டே போனால் பெரிதிலிருந்து சிறிதாக இறங்கும். அதுவும் ஒரு டிசைன்தான்.

பெருந்துறை அம்மணி

டீச்சர், பேப்பரை மடிக்கிற யோசனைக்கு உங்களுக்குக் கோயில் கட்டலாம். இப்போதே ஒரு சட்டியில் பென்சில் வைத்துப் பார்த்தேன். எட்டும் எட்டாக வந்தது!

நிறத்துக்கு ஒரு யோசனை சொல்லுங்கள். அண்ணன் மகள் எல்லா நிறத்தையும் போடணும் என்கிறாள்.

சேலத்துச் சாயம்

எல்லா நிறமும் போடணும் என்றால் பவானி ஜமக்காளம்தான். வீட்டில் பழைய ஜமக்காளம் இருந்தால் விரித்துப் போட்டுப் பாருங்கள். சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்று பட்டை பட்டையாக ஓடும், நடுவில் மெல்லிய கறுப்போ வெள்ளையோ. அதே வரிசையை அப்படியே சட்டியில் இறக்குங்கள். மாஸ்கிங் டேப் ஒட்டிப் பட்டை பட்டையாக அடிக்கலாம். வளைவில் டேப் சுருங்கும், அதனால் மெல்லிய டேப்பாக வாங்குங்கள். ஒட்டியதும் டேப்பின் விளிம்பை நகத்தால் நன்றாக அழுத்திவிடணும். பெயிண்ட் முழுசாகக் காய்வதற்குள், லேசான ஈரம் இருக்கும்போதே டேப்பை உரித்தால் விளிம்பு கத்தி மாதிரி வரும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. அகலப் பட்டைகள் எல்லாம் ஒரே அகலமாக இருந்தால் பந்து மாதிரி ஆகிவிடும். ஒன்று அகலம், ஒன்று ஒல்லி, அப்படி மாற்றி மாற்றி. ஜமக்காளத்தின் அழகே அதுதான்.

பொள்ளாச்சி மாப்ள

பொறுமை இல்லாதவர்களுக்கு என் வழி: வெண்டைக்காய். காம்புப் பக்கம் குறுக்கே நறுக்கினால் பூ அச்சு தயார். நறுக்கிய உடனே தொட்டால் வழவழப்பில் பெயிண்ட் ஒட்டாது. கொஞ்ச நேரம் செய்தித்தாள்மேல் கவிழ்த்து வைத்துக் காயவிட்டு, பெயிண்டில் முக்காமல் ஸ்பாஞ்சால் தடவி, பானையில் வையுங்கள். வளைந்த இடத்தில் சும்மா அமுக்கினால் நடுவில் மட்டும் ஒட்டும். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் லேசாக உருட்டி எடுக்கணும், ரப்பர் ஸ்டாம்பு வைக்கிற ஆபீஸ்காரர் செய்வாரே, அப்படி.

மஞ்சளில் வைத்தால் ஆவாரம்பூ. பக்கத்தில் வெள்ளையில் பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தால் பூளைப்பூ. இரண்டுக்கும் நடுவில் பச்சையில் வேப்பிலை, அது பிரஷ்ஷை ஒருமுறை அழுத்தி எடுத்தாலே வந்துவிடும். பொங்கலுக்கு முந்தின நாள் வீட்டில் கட்டுகிற காப்புக்கட்டுக் கொத்து முழுசாகச் சட்டியில் வந்தாச்சு. வெளி மாவட்டத்துக்காரர்கள் கேட்டால் விளக்கம் சொல்லிக்கொள்ளலாம்.

மிஞ்சின வெண்டைக்காயைக் குழம்பில் போட்டுவிடாதீர்கள், என் வீட்டில் அந்த யோசனை வந்தது.

பெருந்துறை அம்மணி

மாப்ள தம்பி 😂😂. காப்புக்கட்டுக் கொத்து எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பையன் இப்போதே பிரிட்ஜைத் திறந்து வெண்டைக்காய் தேடுகிறான்.

கடைசியாக அகல். கார்த்திகைக்கு இன்னும் நாள் இருக்கிறது, ஆனால் இப்போதே அடித்து வைக்கலாம் என்று. அப்புறம் தைக்குப் பொங்கல் பானைக்கும் இதே மாதிரிப் போடலாமா?

ஓவிய டீச்சர், கோவை

அகலின் வெளிப்புறம் மட்டும். உட்புறத்திலும் திரி படுகிற மூக்கிலும் ஒரு சொட்டுப் பெயிண்ட் இருக்கக்கூடாது. சூட்டில் கருகி நாறும். வார்னிஷும் அந்த இடத்தில் வேண்டாம். கண்ணாடித் துண்டு, ஜிகினா எல்லாம் விளிம்பிலிருந்து தள்ளியே ஒட்டுங்கள்.

இன்னொரு சிக்கல், மண் அகல் எண்ணெயைக் குடிக்கும். கொஞ்ச நேரத்தில் அது வெளியே கசிந்து உங்கள் டிசைன்மேல் எண்ணெய்க் கறையாக நிற்கும், பெயிண்டும் கழன்றுவிடும். வழக்கமாக நாம் அகலைத் தண்ணீரில் ஊறவைத்து எடுத்துப் பயன்படுத்துவோம், எண்ணெய் குறைவாகக் குடிக்கும் என்று. பெயிண்ட் அடித்த அகலை ஊறவைக்க முடியாது. முன்னாலேயே ஊறவைத்து, காயவைத்து, அப்புறம் அடித்தாலும் காயும்போதே அந்தப் பலன் போய்விடும். அதனால் பெயிண்ட் அடித்ததில் எண்ணெய் ஊற்றாமல், தகர டப்பியில் வருகிற சின்ன மெழுகு விளக்கை உள்ளே வைத்துவிடுங்கள். எண்ணெய் விளக்குக்குச் சாதா அகலே இருக்கட்டும்.

சக்கரத்து வீட்டுப் பையன்

பொங்கல் பானைக்கு அக்ரிலிக் வேண்டவே வேண்டாம் அக்கா. அடுப்பில் ஏற்றினால் புகையும், நெடி அடிக்கும், அந்தப் பொங்கலை யார் சாப்பிடுவது? சுண்ணாம்பும் காவியும்தான். கழுத்துக்குக் கீழே மூன்று பட்டை, நடுவில் வெள்ளைப் புள்ளி. மஞ்சள் கொத்துக் கட்டினால் கழுத்து மறைந்துவிடும், அதனால் தோள்பட்டையில் போடுங்கள். அடிப்பக்கம் எப்படியும் கரி பிடிக்கும், அங்கே வரைந்து பிரயோசனமில்லை. உள்ளே எதுவும் கூடாது என்று சொல்லத் தேவையில்லை.

பெரிதாக வண்ணம் பூசிப் பார்க்க ஆசை என்றால் உருவாரம், அதாவது கோயிலுக்கு வைக்கிற மண் பொம்மை, செய்கிற இடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். உடுமலைப் பக்கம் சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலுக்குப் பொங்கல் சமயத்தில் மாடு கன்று நல்லா இருக்கணும் என்று மண் மாடு, மண் கன்று வாங்கி வைப்பார்கள். மேலே வெள்ளை, அதன்மேல் புள்ளியும் கோடும். கண்ணுக்கு ஒரு வட்டம், நடுவில் கறுப்புப் பொட்டு. அந்த மாட்டைப் பார்த்து யாரும் நாயா என்று கேட்பதில்லை. கல்யாணத்துக்கு அரசாணிப்பானை எழுதுகிறவர்கள் இன்னும் எங்கள் பக்கம் ஒன்றிரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்கள் பென்சிலே தொட மாட்டார்கள். துணி சுற்றிய குச்சியைக் காவியில் தொட்டு, பானையை மடியில் உருட்டிக்கொண்டே எழுதி முடித்துவிடுவார்கள்.

பெருந்துறை அம்மணி

அப்படியானால் இப்படிச் செய்கிறேன், சரியா என்று சொல்லுங்கள். சட்டி ஒன்று ஜமக்காளப் பட்டை, இன்னொன்று மண் நிறத்தில் வெள்ளை அலைக்கோடும் புள்ளியும். செடித் தொட்டிக்குக் காப்புக்கட்டுக் கொத்து, செடியைப் பிளாஸ்டிக் தொட்டியோடு உள்ளே வைக்கிறேன். தண்ணீர்ப்பானைக்குக் கழுத்தில் சுண்ணாம்புப் பட்டை, அது என் வேலை. அகலில் பாதி மட்டும் பெயிண்ட்.

வார்னிஷ் எது வாங்குவது? வீட்டுக்குள் அடிக்கலாமா? சாயங்காலம் ஆனால் இங்கே காற்று பிய்த்துக்கொண்டு போகிறது.

சேலத்துச் சாயம்

பட்டியல் சரியாக இருக்கிறது. தண்ணீரில் கரைகிற அக்ரிலிக் வார்னிஷ் என்று கேட்டு வாங்குங்கள், வாசனை பெரிதாக இருக்காது. கடையில் மர வார்னிஷ் எடுத்துக் கொடுப்பார்கள், வாங்காதீர்கள். அது மஞ்சள் பூக்கும், வெள்ளைக் கோடெல்லாம் பழுப்பாகிவிடும். மண் நிறத்தில் வெள்ளைக்கோடு போடுகிற சட்டிக்கு மேட் வார்னிஷ், ஜமக்காளத்துக்கு வேண்டுமானால் பளபள. சுண்ணாம்பு போட்ட பானைக்கு எந்த வார்னிஷும் கிடையாது.

காற்று நேரத்தில் வெளியே அடித்தால் தெருத் தூசியெல்லாம் அதன்மேல்தான் உட்காரும். காலையில் காற்று எழும்பும் முன்னே வீட்டுக்குள் ஜன்னலைத் திறந்துவைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு அடியுங்கள். காயும் வரை மேலே ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, அடியில் இரண்டு குச்சி வைத்துக் காற்றுக்கு இடம் விடுங்கள். பிரஷ்ஷை உடனே கழுவுங்கள். அக்ரிலிக் பிரஷ்ஷிலேயே காய்ந்துவிட்டால் அப்புறம் அது வெண்டைக்காய்க் காம்புக்குக்கூட உதவாது.

ஓவிய டீச்சர், கோவை

முடிந்ததும் படம் போடுங்கள் அம்மணி. பிள்ளைகள் போட்டதையும் சேர்த்து.